மின்னூரில் நிற்கிற வண்டி

முதல் தடவை நின்ற அன்று வண்டியில் இருந்தவர்கள் இவர்கள்.

ஓட்டுகிற இடத்தில் நான். எனக்கு இடது பக்கம் முன் சீட்டில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். ஆலங்காயத்தைத் தாண்டி மலையை ஒட்டின ஊர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின். இனிமேல் அவளை முன் சீட்டுக்காரி என்றே எழுதுகிறேன். நடு சீட்டில் ஜன்னலோரம் கட்டிங் அக்கா. பதினெட்டு வருஷமாக அதே கம்பெனியில் தோல் வெட்டுகிறவள். அக்காவுக்குப் பக்கத்தில் பேக்கிங்கில் இருக்கிறவள். அவளுக்கு அந்தப் பக்கம் சொல்யூஷன் பசை தடவி ஒட்டுகிறவள். பின் சீட்டில் ஓரகத்திகள் ரெண்டு பேர். ஒரே வீடு, பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தினமும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். கடைசியாக வாணியம்பாடியில் ஏறுகிற பாய் வீட்டுப் பொண்ணு, செக்கிங்.

மின்னூர் வருகிற நேரம். இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. அப்புறம் அடங்கிவிட்டது. ஓரம் கட்டினேன்.

இந்த மாதிரி சின்ன வேனுக்கு இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கும். முன் சீட்டுக்காரியை இறங்கச் சொல்லிவிட்டு சீட்டைத் தூக்கினேன். சூடு மூஞ்சியில் அடித்தது. பார்த்தேன். ஒயரெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. எங்கேயும் ஒழுகவில்லை. எனக்கு அதுக்கு மேல் தெரியாது. பத்து நிமிஷம் நின்றேன். சீட்டைப் போட்டு சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொண்டது.

கம்பெனி கேட்டை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். நாங்கள் போனது எட்டு ஐந்து. ஏழு பேருக்கும் அரை நாள் போனது. மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கு எதிரே டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் பார்த்தவன். பெரிய மர டிரம்முக்குள் தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுற்ற விடுவோம். ஈரத்தோல் இழுத்து இழுத்து இடுப்பு போய்விட்டது. டாக்டர் குனியாதே என்றார். டிரம் வேலையில் குனியாமல் ஒன்றும் இல்லை. லைசென்ஸ் இருந்தது. பழைய வேன் ஒன்று வாங்கினேன். காலையில் ஆலங்காயம் பக்கத்துப் பெண்களை ஏற்றி ஆம்பூரில் விட வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வண்டியை எனக்குக் கொடுத்தவர் பேரணாம்பட்டில் பச்சைத்தோல் வியாபாரி. ஆட்டுத்தோலில் உப்பு போட்டு அடுக்கி, அந்த வண்டியில்தான் ஷாப்புக்கு ஷாப் கொண்டுபோவார். பின்னால் இடம் பத்தாவிட்டால் முன் சீட்டிலும் அடுக்குவாராம். உப்புத் தண்ணீர் ஒழுகி அங்கங்கே தகரத்தைத் தின்றிருந்தது. பின்பக்கத் தரையை வெல்டிங் வைத்துக்கொண்டேன். இன்ஜின் சுத்தம். வாணியம்பாடியில் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்து, தைரியமா எடு என்றார். ஒன்றரை வருஷம் தகராறு பண்ணாமல் ஓடியது.

அப்புறம்தான் இந்த நிற்கிற வியாதி.

வாரத்தில் ரெண்டு நாள், சில வாரம் மூன்று நாள். எப்பவும் காலையில், எப்பவும் மின்னூர் பக்கம். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். சீட்டைத் தூக்கி பத்து நிமிஷம் நின்றால் எடுத்துக்கொள்ளும். சாயங்காலமும் ஒன்றிரண்டு தடவை நின்றது. வீட்டுக்கு கேட்டு கிடையாது, அதனால் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

நான் பத்து நிமிஷம் சீக்கிரம் கிளம்பிப் பார்த்தேன். அவர்களும் பத்து நிமிஷம் சீக்கிரம் எழுந்தார்கள். சமையல் முடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் எங்கே இருந்து வரும் என்று எனக்குத் தெரியும்.

மெக்கானிக் பாய் பிளக் மாற்றினார். காயில் மாற்றினார். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மின்னூர் வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு தடவை கூட நிற்கவில்லை.

"எங்கிட்ட வந்தா நல்ல புள்ளையா நடக்குது தோஸ்த். ஒனக்குத்தான் பேஜார் குடுக்குது."

அவருக்கும் உள்ளுக்குள் வருத்தம். தெரியாத வியாதி அவருக்குப் பிடிக்காது. எனக்கு வருத்தத்தை விட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. ஏன் மின்னூர்? ஏன் பத்து நிமிஷம்? ஏன் பாய் உட்கார்ந்தால் இல்லை? டிராக்டருக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போவேன்.

வண்டிக்குள்ளே பேச்சு வேறு மாதிரி போனது.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. யார் ராசி என்று. ஓரகத்திகளில் பெரியவள், சின்னவளைப் பார்க்காமல், சில பேர் மூஞ்சில முழிச்சா இப்படித்தான் என்றாள். சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஆமா, தெனம் முழிக்க வேண்டியிருக்கு என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவர்கள் ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி பதில் சொல்லி நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் கட்டிங் அக்கா முன் சீட்டைப் பார்த்தாள். முன் சீட்டுக்காரி தை மாசம் சேர்ந்தவள். வண்டி நிற்க ஆரம்பித்தது மாசி கடைசியில். இதுக்கு முன்னால் அவள் வாணியம்பாடியில் ஒரு சின்ன யூனிட்டில் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்த ரெண்டாவது மாசம் அதை மூடிவிட்டார்கள். இதை அவளே சொல்லியிருந்தாள்.

"இவ காலு பட்டு கம்பெனியே நின்னு போச்சு. வண்டி இன்னா, சின்னது" என்றாள் அக்கா.

முன் சீட்டுக்காரியும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்.

டிரம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மருந்து தோலுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று மேலே பார்த்துச் சொல்லக்கூடாது. மருந்து பட்டாலே மேலே நீலமாகத்தான் இருக்கும். கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் கத்தி வைத்து ஒரு துண்டு வெட்டி, வெட்டின பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் போகவில்லை. சூப்பர்வைசரே வந்து ஆச்சு என்று சொன்னாலும் வெட்டித்தான் பார்ப்பேன். ராசி என்று அக்கா சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்டிப் பார்க்கலாம் என்றுதான் தோன்றியது.

தோலில் தையல் கோடு போடுகிற சில்வர் பேனா ஒன்று செக்கிங் பொண்ணிடம் வாங்கினேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். கோடு போட எழுத்து வேண்டாம். என் தலைக்கு மேல் வெயிலுக்கு மறைக்கிற அட்டை இருக்கிறது. அதில் நாளுக்கு ஒரு வரிசை. ஏழு பேருக்கு ஏழு கோடு. வராதவர் கோட்டை விட்டுவிடுவேன். வண்டி நின்றால் வரிசைக் கடைசியில் ஒரு வட்டம்.

நாலு வாரம் போட்டேன். இருபத்திநாலு வரிசை. வட்டம் ஒன்பது.

அக்கா லீவு போட்ட ரெண்டு நாளும் வண்டி நின்றிருந்தது. பேக்கிங்காரி வராத அன்றும் நின்றிருந்தது. செக்கிங் பொண்ணு மூன்று நாள் வரவில்லை, அதில் ஒரு நாள் வட்டம். முன் சீட்டுக்காரி நாலு நாள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த நாலு வரிசையிலும் வட்டம் இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோடு அப்படியேதான் இருந்தது.

நான் செய்த தப்பு, அந்த அட்டையை மடக்காமல் விட்டது. கட்டிங் அக்கா பதினெட்டு வருஷம் தோலில் கோடு பார்த்தவள். பின்னால் இருந்தே படித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அதுவரைக்கும் விளையாட்டாக இருந்தது. நான் கோடு போட்டுத்தான் அது நிஜமானது.

சாயங்காலம் எல்லாரும் இறங்கின பிறகு அக்கா மட்டும் நின்றாள்.

"ண்ணா, நீயே எழுதி வச்சிருக்க. நான் ஒண்ணும் இட்டுக்கட்டி சொல்லல."

"நாலு நாளு தானேக்கா."

"நாலு நாளும் நிக்கலையே. எம்பொண்ணு ஃபீசுக்கு நான் ஒரு அரை நாளு கூட உட முடியாது. இந்த மாசம் முடியறதுக்குள்ள அவள வேற வண்டி பாத்துக்க சொல்லு. இல்லன்னா நாங்க ஆறு பேரும் கம்பெனில சொல்லி வேற வண்டி கேக்கறோம். ஒங்கிட்ட சண்ட இல்ல."

மாசம் முடிய ரெண்டு வாரம் இருந்தது.

வேறு வண்டி இல்லை. அது அக்காவுக்கும் தெரியும். அந்த மலை ஊருக்கு முதல் பஸ் ஒன்பது மணிக்கு மேல். என் வண்டி போகவில்லை என்றால் முன் சீட்டுக்காரிக்கு வேலை இல்லை. ரெண்டு பெண் பிள்ளைகள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, வந்தால் உண்டு. இதெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னது இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து மூன்று மாசத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னது.

நான் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் ஏறினதும் அவளே கேட்டாள்.

"ண்ணா, நா வரலன்னா வண்டி நிக்காதா?"

"தெரியல."

"கோடு போட்டு வச்சிருக்கியாமே."

"போட்டிருக்கேன். அதுக்கு அர்த்தம் தெரியல."

கொஞ்ச தூரம் போனோம். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் இருந்தால் வண்டியில் என்ன மாறுகிறது? பாரம். முன்பக்கம், இன்ஜினுக்கு நேர் மேலே பாரம். அவள் வராத நாளில் முன்னால் உட்காருகிற பேக்கிங்காரி ஒல்லி. பாரத்தில் ஏதாவது அழுந்துகிறதோ என்று தோன்றியது.

"ஒன் வெயிட்டு எவ்ளோம்மா?"

நடு சீட்டில் சட்டென்று பேச்சு நின்றது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம், போன மாசம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐம்பத்திரண்டு என்றாள். பின்னால் ஒரு ஓரகத்தி, எதுக்காம் என்றாள். இன்னொருத்தி, வண்டிக்கு என்றாள்.

பழைய இரும்புக் கடைத் தராசில் ஐம்பத்திரண்டு கிலோ மணல் நிறுத்தேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். ஒரு பொம்பளைக்குப் பதில் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிற அதே நேரம். இடுப்புக்குப் பயந்து ஒரு பையனைத் தூக்கச் சொல்லி மணல் மூட்டையை முன் சீட்டில் வைத்தேன். அந்தச் சீட்டில் ஒரு தோல் உறை இருந்தது. மணல் பட்டு அழுக்காகக் கூடாதென்று அதைக் கழற்றி மடித்துப் பின்னால் வைத்தேன். மற்ற ஆறு பேருக்கும் குத்துமதிப்பாக மூட்டை போட்டேன். அவளுடைய ஊரில் ஆரம்பித்து ஒவ்வொருவர் ஏறுகிற இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று நின்று போனேன். ஒரு இடத்தில் பால்காரர், யாரை ஏத்திக்கிட்டுப் போற என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மின்னூர் வந்தது. மின்னூர் போனது. ஆம்பூர் கேட்டு வரைக்கும் நிற்கவில்லை.

பாரம் இல்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், ஒரு பயம். பாரம் இல்லை என்றால் பிறகு அவள்தானா?

திரும்பி வந்து மூட்டைகளை இறக்கும்போது அந்த உறை கையில் பட்டது.

அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் சீட்டு மோசமான சீட்டு. கீழே இன்ஜின். சீட்டு உட்கார்ந்திருக்கிற தகரப் பெட்டியில், கெண்டைக்கால் படுகிற இடத்தில், உப்பு தின்ற ஓட்டை ஒன்று உண்டு. நாலு விரல் அகலம். பின்பக்கத்தை மட்டும் வெல்டிங் வைத்தேன், இதை விட்டுவிட்டேன். அதுவழியாக அனல் வரும். அதனால்தான் புதிதாக வந்தவளுக்கு அந்தச் சீட்டு. முன்னால் அதில் உட்கார்ந்திருந்த பேக்கிங்காரி நடு சீட்டுக்குப் போய்விட்டாள். முன் சீட்டுக்காரி ஒரு மாசம் வாயைத் திறக்கவில்லை. பிறகு கம்பெனி ஸ்டோரில் கேட்டு கழிவுத் துண்டுகள் வாங்கிவந்து, கறுப்பும் பழுப்பும் சேர்த்து, சீட்டுக்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தாள். இரட்டைத் தையல். ஒரு நூல் பிசகவில்லை. நான் தோலில் கிடந்தவன், நல்ல வேலை பார்த்தால் தெரியும். நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். என் இடது காலிலும் அந்த அனல் படும். அதனால் இன்னொன்றும் சொன்னேன். கீழே தொங்குகிற மாதிரி ஒரு மடிப்பு வைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்றேன். மறுநாளே வைத்துத் தைத்து வந்தாள். கனமான தோல். ஓட்டை மேல் பசை போட்ட மாதிரி உட்கார்ந்தது. காலுக்குச் சுகம்.

அவள் வராத நாட்களில் பேக்கிங்காரி முன்னால் வருவாள். வந்ததும் உறையை உருவிப் பின்னால் போடுவாள். பகலெல்லாம் தோல் வாசன, வண்டியிலயுமா என்பாள்.

மெக்கானிக் பாயிடம் கொண்டுபோகும் முன்னால் நானே உறையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். கிரீஸ் பட்டுவிடும் என்று.

இதெல்லாம் வாசலில் மணல் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக வந்தது. வண்டி முதல் தடவை நின்ற நாளும் அவள் மடிப்பு தைத்து வந்த நாளும் எவ்வளவு கிட்டம் என்று யோசித்தேன். ஒரு வாரம்கூட இருக்காது. எல்லாரும் அவள் வந்த நாளில் இருந்து எண்ணினோம். உறை வந்த நாளில் இருந்து யாரும் எண்ணவில்லை.

உறையைப் போட்டு அப்போதே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று கை பரபரத்தது. ஆனால் மணி பதினொன்று. வெயில் ஏறியிருந்தது. இப்போது நின்றால் வெயிலால் நின்றதா, உறையால் நின்றதா என்று எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுத்தேன். அந்த வாரம் வண்டி மூன்று நாள் நின்றது. கட்டிங் அக்கா வண்டி நின்ற நாளுக்கு ஒரு விரல் மடக்கினாள். முன் சீட்டுக்காரி தினமும் டிபன் பையை மடியில் வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். உறையைக் கழற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு முன்னால் எல்லாம் கலந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அவர்களுக்கு அதில் ஒரு அரை நாள் போனது.

அடுத்த ஞாயிறு. அதே நேரம், அதே மூட்டைகள், அதே நிறுத்தங்கள். முன் சீட்டில் உறை, அதன்மேல் ஒரு பழைய சாக்கு, சாக்கின் மேல் மணல் மூட்டை.

மின்னூருக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. அடங்கிவிட்டது.

ஓரம் கட்டினேன். இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த மூட்டையைப் பார்த்தேன். மூட்டை சும்மா உட்கார்ந்திருந்தது. மணலுக்கு யாரும் ராசி பார்க்க மாட்டார்கள்.

குனியக்கூடாத இடுப்பை வைத்துக்கொண்டு குனிந்து, அந்த மடிப்பைத் தூக்கினேன். ஓட்டை வழியாக அனல் புஸ்ஸென்று கையில் அடித்தது. அடைத்து வைத்த பானை மூடியைத் தூக்கின மாதிரி. கையை அங்கேயே வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கம்மியானது. சீட்டைத் தூக்கவே இல்லை. பத்து நிமிஷம் கழித்து எடுத்துக்கொண்டது.

உப்பு தின்ற ஓட்டைதான் இன்ஜினுக்கு மூச்சு விடுகிற வழியாக இருந்திருக்கிறது. நாங்கள் நல்ல தோலாகப் பார்த்து அதை அடைத்திருக்கிறோம். உள்ளே அனல் நிரம்ப மின்னூர் வரைக்கும் ஆகும், ஆற பத்து நிமிஷம் ஆகும். நின்ற ஒவ்வொரு தடவையும் சீட்டைத் தூக்கினேன். தூக்கும்போது உறையும் கூடவே வந்துவிடும், அனலும் போய்விடும். பார்க்கப் போனவன் பார்க்க வேண்டியதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் தினமும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சந்தோஷம். வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஒன்று தோன்றியது. உறை தைத்தவள் அவள். இதைப் போய்ச் சொன்னால் அக்கா, நான் சொன்னேன் இல்ல, அவதான் என்பாள். சொன்னால் அதுவும் ஒரு வகையில் சரிதான்.

திங்கட்கிழமை வாணியம்பாடியில் செக்கிங் பொண்ணு ஏறின பிறகு, எட்டு பேரும் இருக்கும்போது, வண்டியை ஓரம் கட்டி அணைத்தேன். இன்னா ஆச்சு, இங்கயே நின்னுடுச்சா என்றாள் அக்கா. நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். மூட்டை கதையைச் சொன்னேன். எனக்கு இவ்வளவு பேசிப் பழக்கம் இல்லை. பால்காரர் எட்டிப் பார்த்தது வரைக்கும் சொல்லிவிட்டேன். கடைசியில் முன் சீட்டுக்காரியின் மூஞ்சியில் ரத்தமே இல்லை. உறையைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒற தச்சது அவ. கீழ வரைக்கும் மடிப்பு வச்சு ஓட்டய மூட சொன்னது நானு. எங்காலு சுடுதுன்னு சொன்னேன். அவளா ஒண்ணும் செய்யல. நான் சொல்லித்தான் செஞ்சா."

ஒரு லாரி போனது. கட்டிங் அக்கா எழுந்து முன்னால் சாய்ந்து அந்த மடிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள்.

"தையலு நல்லாத்தான் இருக்குது" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்போ ராசி கெட்டவன் நீதான். ஒன்ன எறக்கிட்டா வண்டிய யாரு ஓட்றது?"

பின் சீட்டில் ஓரகத்திகள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்த உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா தன் பையில் இருந்து கத்தரிக்கோல் எடுத்து நீட்டினாள். முன் சீட்டுக்காரி வாங்கினாள். தைத்த கையாலேயே மடிப்பை வெட்டினாள். நேர்க்கோடு. வெட்டின துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள். செக்கிங் பொண்ணு கேட்டு வாங்கி, செல்போனுக்கு உறை தைக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டாள். ஏழு ஐம்பத்தாறுக்கு கேட்டுக்குள் போனார்கள்.

மெக்கானிக் பாயிடம் சொன்னேன். சிரித்தார்.

"தோலால வண்டி நிக்குமா தோஸ்த்? எனக்கு பம்ப் மேலதான் டவுட்டு."

ஓட்டையில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். இருக்கலாம், பம்பும் இருக்கலாம் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை.

ஒன்றரை மாசம் வண்டி நிற்கவில்லை. ஓட்டையில் இருந்து அனல் வருகிறது. முன் சீட்டுக்காரி காலுக்கும் ஓட்டைக்கும் நடுவில் டிபன் பையை வைத்துக்கொள்கிறாள், ஓட்டையை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. சோறு மத்தியானம் வரைக்கும் சூடாக இருக்கிறதாம்.

நான் கோடு போடுவதை நிறுத்தவில்லை. அட்டையை மட்டும் மடக்கி வைக்கிறேன்.

போன வாரம், புதன்கிழமை, மின்னூர் வருகிற நேரம். இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. அடங்கிவிட்டது.

உறை சீட்டில் இல்லை. பின்னால் கிடந்தது. ஓட்டை திறந்திருந்தது. முன் சீட்டில் பேக்கிங்காரி. அன்று முன் சீட்டுக்காரி வரவில்லை, பெரிய பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை.

ஓரம் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். கட்டிங் அக்கா முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"இன்னா ண்ணா இது?"

"தெரியலக்கா."

"பம்பா?"

"இருக்கலாம்."

பத்து நிமிஷம் நின்றோம். அக்கா இறங்கி ரோட்டோரம் நின்று வேர்க்கடலை தின்றாள். எனக்கும் கொடுத்தாள். யார் பேரையும் எடுக்கவில்லை. எட்டு மூன்றுக்குப் போனோம். கேட்டை மூடிவிட்டார்கள். டீக்கடை நிழலில் உட்கார்ந்தார்கள். நான் அட்டையை இறக்கி வரிசை போட்டேன். ஆறு கோடு. கடைசியில் வட்டம். இனிமேல் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வேறு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் அன்று வேறு பங்கில் போட்டேன். முந்தின ராத்திரி மழை. சரியாக வெட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் மலை ஊருக்குப் போனேன். அவள் எப்போதும் நிற்கிற புளியமரத்தடியில் டிபன் பையோடு நின்றிருந்தாள். நேற்று நின்றது அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது, அக்காவே போன் பண்ணிச் சொன்னாளாம். ஏறினாள். உறையைப் பின்னால் இருந்து எடுத்துச் சீட்டில் போட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வந்தேன். வாணியம்பாடியில் செக்கிங் பொண்ணு ஏறினதும் கண்ணாடியில் பார்த்து எண்ணினேன், என்னையும் சேர்த்து.

எட்டு.